ஜானகி அம்மாள்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவிலும், தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் வாழைத் தோட்டங்கள் செழித்திருத்தலை யாவரும் அறிவர். அவ்வாழைக் கனிகளில் விதையில்லை. காட்டில் தானே வளரும் வாழையின் கனியிலோ கடிய விதைகள் நிறைந்துள்ளன. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் செடியின் உயிரணுக்களில் காணலாம். பயிர்களின் உயிரணுக்களை ஆராய்வதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் ஜானகி அம்மாள் ஆவார்.

இவர் 1897ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மணவாழ்வை நாடாது கல்வியையே நாடினார். கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்த பொருள் யாது? உயிரணுவினுள் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளை வழித்தோன்றல்களுக்குக் கொண்டு செல்வன இவையே. நெல்லின் உயிரணுவில் இவை 24 ஆகும். மகரந்தமும் சூலும் உருவாகுங்கால், ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைந்து, சில பகுதிகளைத் தம்முள் மாற்றிக்கொண்டு பிரிகின்றன. உயிரணு மீண்டும் ஒருமுறை பிளவுபடுகின்றது. முடிவில் 12 குரோமோசோம்களே உடைய நான்கு அணுக்கள் தோன்றுகின்றன. இதுவே குன்றல் பகுப்பு. ஆணணுவும் பெண்ணணுவும் கூடும்போது மீண்டும் 24 நிறைவுறும். இக்குறைவு நிகழாவிடின், தலைமுறைதோறும் குரோமோசோம்கள் இருமடங்காகப் பெருகிவிடும் அன்றோ?

1934இல் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிய கரும்பையும் வலிய காட்டுக் கரும்பையும் கலந்து புதுவகைகளை ஆக்கும் பணி அங்கு நடைபெற்றது. அவரோ கரும்பைச் சோளம் போன்ற பிற புல்லினங்களோடும் கலந்து, அவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிக் குறித்தார். உறவில் தொலைவான பயிர்கள் கலக்குமிடத்துக் குரோமோசோம்கள் செவ்வனே இணைதல் அரிது. ஆதலால் அப்பணிக்கு மிகுந்த பொறுமை வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், 1935இல் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

பின்னர் அவர் இங்கிலாந்து சென்றார். உலகப் போரின் இன்னல்களுக்கிடையிலும் ஆய்வைக் கைவிடவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் பெருநூலொன்றை வெளியிட்டார். 1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனித் திருவரங்கத்து வாழைக்கு வருவோம். காட்டுவாழையின் 22 குரோமோசோம்கள் பதினொன்று பதினொன்றாகப் பிரியும். தோட்டத்து வாழைகள் பலவற்றில் 33 உள்ளன. இணையாகச் சேர்ந்து சமமாகப் பிரிய அவற்றால் இயலாது. விதையின்மைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆதலின் உழவர் பக்கக்கன்றை நட்டே வாழையைப் பெருக்குகின்றனர்.

கண்ணுக்குப் புலனாகாத இழைகளை ஒவ்வொன்றாக எண்ணிய அப்பொறுமையே ஜானகி அம்மாளை உலகறிந்த அறிஞராக்கிற்று. சிறியது என்று எதனையும் இகழாது ஆராய்தல் நம் கடனாகும்.