சதிருக்கு வழக்காடியவர்

எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி சனிக்கிழமைதோறும் குருவிகுளத்திலிருந்து பேருந்தேறிச் சங்கரன்கோவிலுக்குப் பரதம் பயிலச் செல்கிறாள். சலங்கைப் பையைத் தாத்தாவே சுமந்து வருகிறார். ஊரில் எவரும் இதை வியப்பாகப் பார்ப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன் அந்தத் தாத்தாவின் பாட்டனார் இதற்கு ஒருபோதும் இசைந்திருக்க மாட்டார். இம்மாற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவர் எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இ.கிருஷ்ண ஐயர் 1897-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். சென்னையில் வழக்கறிஞரானார், விடுதலைப் போரில் சிறை சென்றார். நாடகங்களில் பெண் வேடமேற்று நடித்த அவர், மெலட்டூர் நடேச ஐயரிடம் முறையாகச் சதிர் பயின்று, பெண் உடையிலேயே மேடையேறி ஆடினார். ஜப்பானில் 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின், கபுகி நாடகத்தில் ஆண்களே பெண்களாக நடித்தனர். கிருஷ்ண ஐயர் வேடம் புனைந்ததோ, பெண்கள் ஆடிய கலையின் மீதிருந்த இழிவைப் போக்குவதற்காக.

சென்னை மியூசிக் அகாதெமியின் தொடக்ககாலச் செயலாளர்களுள் ஒருவரான அவரது முயற்சியால், 1931 மார்ச்சில் கல்யாணியின் புதல்வியர் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் அங்கே ஆடினர். கூட்டம் சொற்பமே. 1932-இன் இறுதியில், பொது விழாக்களில் சதிர் நடத்துவதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கண்டித்தார். கிருஷ்ண ஐயர் மறுத்தெழுதினார். நாளேடுகளில் விவாதம் அனல் பறந்தது. 1933 புத்தாண்டு நாளில் அதே சகோதரியர் மீண்டும் ஆடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிர்ப்பைப் போலச் செலவில்லாத விளம்பரம் வேறில்லை! அதே ஆண்டில் பாலசரஸ்வதியும் அகாதெமி மேடை கண்டார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி, 1935 இறுதியில் அடையாறில் ஆடினார். சதிர் என்ற பெயர் மங்கி, பரதநாட்டியம் நிலைத்தது.

ஒரு பொருளுக்கு மதிப்புக் கூடினால் அதை ஆக்குவோர் செழிப்பர் என்று வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். இவ்வரலாறு அந்தப் பாடத்தைப் பொய்யாக்குகிறது. நடனத்தின் மதிப்பு உயர்ந்தது. தலைமுறைகளாக அதைக் காத்த குலத்துப் பெண்கள் மேடையிலிருந்து மறைந்தனர். முத்துலட்சுமி ரெட்டியின் சினம் நியாயமானது. தாய்வழியில் அச்சமூகத்தைச் சேர்ந்த அவர், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் பெண்களைச் சிதைத்ததைக் கண்ணாரக் கண்டவர். 1947-இல் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது. அவர் விரும்பிய விடுதலை வந்தது. கிருஷ்ண ஐயர் விரும்பிய கலையும் பிழைத்தது. ஆடத் தெரிந்த அப்பெண்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்ற கணக்கை மட்டும் இரு தரப்பும் போதிய அளவு போடவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கௌரவமான மேடை கிடைத்ததும் கிருஷ்ண ஐயர் அதில் முதலில் நிறுத்தியது அந்தக் குலத்துப் பெண்களைத்தான். பின்வந்தவர்களில் பலர் அதை மறந்தனர். 1966-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1968-இல் மறைந்தார்.

சென்ற வாரம் அந்தச் சிறுமியிடம் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற பெயர்களைச் சொன்னேன். அவர்களுடைய படம் இருக்கிறதா தாத்தா என்று கேட்டாள். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.