நம்பிக்கையின் அளவுகோல்

திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளைக் கொண்டு 192 அடி உயர்ந்து நிற்பது. அக்காலக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தின் பக்குவத்தை ஆசானிடம் கற்றனர்; ஆசானின் கண்ணே அதற்குச் சான்றாக இருந்தது. ஆனால், ஆலையில் விளைந்து, மூட்டையில் அடைபட்டு, முன்பின் அறியாதவர் கைகளைச் சேரும் சிமெண்டுக்கு யார் சான்று பகர்வது? அருகிலுள்ள இராசபாளையத்தில் பிறந்த பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் வாழ்வு, இவ்வினாவுக்கு விடை உருவாகிவந்த காலத்தோடு பிணைந்தது.

1894இல் பிறந்த இராமசாமி ராஜா, பருத்தி விளையும் கரிசல் பூமியில் 1936இல் இராசபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்றபின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் சிமெண்டு பெரிதும் தேவைப்பட்டது. 1957இல் அவர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். விருதுநகர் அருகே அதன் ஆலை அமைந்த ஊர், இன்று இராமசாமி ராஜா நகர் என அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் சிமெண்டுத் தொழிலில் இறங்குமுன்பே அதற்கான அளவுகோல் பிறந்திருந்தது. 1947இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. 1951இல் சிமெண்டுக்கான தரநியமம் வெளிவந்தது. நீர் சேர்த்த சிமெண்டு அரைமணி நேரத்திற்குள் இறுகத் தொடங்கக் கூடாது. பத்து மணி நேரத்திற்குள் இறுகி முடிய வேண்டும். முந்தினால் கொத்தர் பூசி முடிக்க இயலாது. பிந்தினால் வேலை தடைப்படும். வலிமையில் குறைந்தாலோ, கூரையின்கீழ் வாழ்வோரின் உயிருக்கே தீங்கு நேரும்.

இத்தகைய நியமங்களை வகுக்கும் குழுக்களில் உற்பத்தியாளர், அறிவியலாளர், அரசுப் பொறியாளர் ஆகியோருடன் இந்தியப் பொறியாளர் நிறுவனமும் இடம்பெற்றது. 1920இல் தோன்றி, 1935இல் அரச சாசனம் பெற்ற அவ்வமைப்பு, கல்லூரி செல்ல வாய்ப்பில்லாமல் பணியிலிருந்தோருக்கும் தேர்வு நடத்தித் தகுதி வழங்கியது. இவ்வாறு, பொருளின் தரமும் அதனைக் கையாள்வோரின் தகுதியும் ஒருசேரப் பேணப்பட்டன.

தரமான சிமெண்டும் பயிலாத கையில் பயன் தராது. நீர் மிகுந்தால் கான்கிரீட் வலிமை இழக்கும். நீராற்றாது விட்டால் வெடிக்கும். 1962இல் இராமசாமி ராஜா மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் இராசபாளையத்தில் பாலிடெக்னிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. எனினும், ஆலை அளித்த பொருளுக்குத் துணையாக அறிவும் அவ்வூரிலேயே வேரூன்றியது. அன்று ஓர் ஆசானின் கண் காத்த தரத்தை, இன்று எழுதப்பட்ட நியமமும் கற்றறிந்த கைகளும் காத்துவருகின்றன.