சொல்லைக் காத்த சால் பிளாய்க்கி

ஐரோப்பியர் ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்துகொண்ட பலவற்றுக்குக் கணக்கு உண்டு. நிலத்துக்கு ஏக்கர்க் கணக்கு. பொன்னுக்கும் வைரத்துக்கும் எடைக் கணக்கு. கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்குத் தலைக் கணக்கு. ஒரு மக்களின் நாவிலிருந்து நழுவிப்போன சொற்களுக்கு மட்டும் கணக்கெழுதுவார் அரியர். நிலம் பறிபோனதையும் எழுதி, சொல் பறிபோகாமல் தடுக்கவும் முயன்றவர் தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர். சாலமன் ட்செகிஷோ பிளாய்க்கி என்பது அவர் முழுப்பெயர். உலகம் அவரைச் சால் பிளாய்க்கி என்றே அறியும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர், நாவலாசிரியர், பழமொழித் தொகுப்பாளர், தம் மக்களின் தூதர் எனப் பல நிலைகளில் உழைத்து ஐம்பத்தைந்தாம் அகவையில் ஓய்ந்த அவரது வாழ்வு, கவிதையோடும் மொழியோடும் உறவுடைய எவரும் அறியத்தக்கது.

அவர் பிறந்த பரோலொங் குடி, செட்ஸ்வானா மொழி பேசும் ட்ஸ்வானா மக்களின் கிளைகளுள் ஒன்று. வெள்ளையர் வருமுன் அம்மக்கள் காட்டில் அலைந்து திரிந்தனர் என்பது பிற்காலத்து ஆட்சியாளர் பரப்பிய கதை. 1801ஆம் ஆண்டு கேப் குடியேற்றத்திலிருந்து வடக்கே சென்ற ஐரோப்பியப் பயணிகள், டித்தாகொங் என்னும் ட்ஸ்வானா நகரைக் கண்டு வியந்து, அதன் பரப்பைக் கேப் டவுனோடு ஒப்பிட்டனர். கல்மதில் சூழ்ந்த மனைகளும் விளைநிலங்களும் தொலைவில் மாட்டுப்பட்டிகளும் அவர்களுக்கு இருந்தன. நிலம் விலைப்பொருள் அன்று. தலைவன் பகிர்ந்தளிக்க, குடிகள் உழுது உண்டனர். வழக்குகள் க்கோட்லா எனப்படும் பொதுமன்றில் ஆராயப்பட்டன; அங்கே எளியவனும் எழுந்து பேசலாம். மன்னரையும் மாடுகளையும் போற்றும் புகழ்ப்பாக்களும் பழமொழிகளும் எழுத்தின் துணையின்றித் தலைமுறை தலைமுறையாக நின்றன. எழுத்து, கிறித்தவ மிஷன் வழியாக வந்தது. ராபர்ட் மொஃபட் குருமானில் செட்ஸ்வானா விவிலியத்தை 1857இல் முழுமையாக அச்சிட்டு முடித்தார். ஆனால் ஒவ்வொரு மிஷனும் தனக்கென ஓர் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டது. இவ்வேறுபாடு பிளாய்க்கியின் இறுதிக்காலத்தில் பெரும் பூசலாக வெடிக்கவிருந்தது.

1876 அக்டோபர் 9ஆம் நாள், போயர்களின் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் நாட்டில், போஷாஃப் அருகே ஒரு பண்ணையில் அவர் பிறந்தார். கிம்பர்லிக்கு அணித்தான நியேல் என்னும் இடத்து ஜெர்மன் லூத்தரன் மிஷனில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆயினும் மிஷன் தலைவர் வெஸ்ட்ஃபாலின் துணைவியார், சிறுவனின் கூர்மையைக் கண்டு ஆங்கிலமும் இசையும் தனியே கற்பித்தார். பரோலொங் குடியின் பழங்கதைகளையோ வீட்டு மூதாட்டியரிடம் கேட்டார். நூலும் செவிவழி மரபும் ஒருசேர அமைந்த இக்கல்வியே பின்னாளில் அவரது எழுத்துக்கு அடித்தளமாயிற்று.

1894இல் கிம்பர்லி அஞ்சலகத்தில் தந்தி கொண்டு செல்லும் ஏவலராகச் சேர்ந்தார். வைரச் சுரங்கங்களால் உயர்ந்த அந்நகரில், படித்த ஆப்பிரிக்க இளைஞர் சிலர் 1895இல் ஓர் இலக்கியக் கழகம் நிறுவினர். அஞ்சலக ஊழியர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் முதலானோர் அதில் கூடினர், கட்டுரை படித்தனர், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். பிளாய்க்கி அங்கே தம் மக்களின் வரலாறு பற்றிக் கட்டுரை படித்தார். அந்நகரின் மேடையில்தான் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் கண்டார். 1898இல் எலிசபெத் எம்பெல்லியை மணந்தார். அம்மையார் ஹோசா மொழியினர், இவர் ட்ஸ்வானர். இரு குடும்பமும் முதலில் எதிர்த்தன. ஒருவர் தாய்மொழியை மற்றவர் செவ்வையாக அறியாமையால் காதல் மடல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஆதிக்க மொழி அவ்விருவருக்கும் பாலமாயிற்று என்பதை அவர் மறைத்ததில்லை.

அதே ஆண்டில் மாஃபெகிங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் ஒரு மொழி, சாட்சி மற்றொரு மொழி, நடுவர் வேறொரு மொழி. இடையில் நிற்பவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் குற்றமற்றவன் சிறைசெல்வான். மொழிபெயர்ப்பின் பொறுப்பை நூல்களில் கற்பதற்கு முன் அவர் நீதிமன்றத்தில் கற்றார். 1899 அக்டோபரில் போயர் படைகள் மாஃபெகிங்கை முற்றுகையிட்டன. 217 நாள் நீடித்த முற்றுகையை ஆங்கிலேயர் வீரகாவியமாகக் கொண்டாடினர். பிளாய்க்கி எழுதிய நாட்குறிப்பு வேறொன்றைக் காட்டியது: காவலிலும் ஒற்றிலும் கால்நடை கவர்வதிலும் பரோலொங் மக்கள் ஆற்றிய பங்கையும், உணவுப் பங்கீட்டில் பின்தள்ளப்பட்டுக் கறுப்பின ஏழைகள் பட்டினியால் மடிந்ததையும் காட்டியது. அந்நாட்குறிப்பு 1969இல்தான் கண்டெடுக்கப்பட்டு 1973இல் நூலாயிற்று.

போர் முடிந்தபின் அரசுப் பணியைத் துறந்து இதழாளரானார். செட்ஸ்வானாவிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த கொரன்டா ஏ பெச்சுவானா இதழுக்கும், பின்னர் ட்சாலா ஏ பாதோ உள்ளிட்ட இதழ்களுக்கும் ஆசிரியராக இருந்தார். அச்சின்மீது அவர் கொண்ட பற்று, தம் ஆண்குழந்தை ஒன்றுக்கு குட்டன்பர்க்கின் பெயரைச் சூட்டும் அளவுக்குச் சென்றது. அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. 1912 ஜனவரியில் புளூம்ஃபோன்டைனில் ஆப்பிரிக்க மக்களின் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதற் பொதுச்செயலாளர் ஆனார். இன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எனப்படுவது அவ்வமைப்பே.

அடுத்த ஆண்டு பேரிடி விழுந்தது. 1913 ஜூன் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சட்டம், மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரான கறுப்பினத்தவர்க்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை ஒதுக்கி, பிற இடங்களில் அவர்கள் நிலம் வாங்குவதையும் குத்தகைக்குக் கொள்வதையும் தடுத்தது. விளைச்சலில் பாதி கொடுத்து வெள்ளையர் பண்ணையில் உழுதுவந்த குடும்பங்கள், ஊதியமற்ற ஏவலராவது அல்லது வெளியேறுவது என்னும் நிலைக்கு ஆளாயின. தில்லையாடி வள்ளியம்மை சிறைபுகுந்ததும் இதே 1913இல், இதே ஆட்சியின் கீழ் என்பதை நினைவுகூர்ந்தால் அந்நாட்டின் அன்றைய சூழல் தமிழருக்கு எளிதில் விளங்கும்.

பிளாய்க்கி மிதிவண்டியில் ஏறி, வீடிழந்தோர் செல்லும் வழிகளிலேயே சென்றார். குளிர்காலம், மேய்ச்சல் இல்லை, ஆடுமாடுகள் வழியில் செத்து விழுந்தன. ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை பயணத்தில் இறந்தது. புதைக்கத் தமக்கென ஓரடி மண் இல்லாத அப்பெற்றோர், இரவின் இருளில் பிறர் நிலத்தில் களவாகக் குழி தோண்டிப் புதைத்தனர். கேட்டவற்றையும் கண்டவற்றையும் ஊர், வழி, குடும்பம் என வகைப்படுத்தி எழுதிவைத்தார். 1914இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் சென்றார். குடியேற்ற நாடுகளின் அமைச்சர் தலையிட மறுத்துவிட்டார், உலகப்போரும் மூண்டது. உடன்வந்தோர் திரும்பினர், இவர் கடனும் வறுமையுமாக 1917 வரை அங்கேயே தங்கி, கூட்டம் கூட்டமாகப் பேசினார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் வாழ்வு குறித்த அவரது ஆங்கில நூல் 1916இல் வெளிவந்தது. நூல் பேசப்பட்டது, சட்டமோ அசையவில்லை.

நிலத்துக்காக வாதிட்ட அதே 1916இல் அவர் வேறு இரு நூல்களையும் வெளியிட்டார் என்பதே கருதத்தக்கது. ஒன்று, 732 செட்ஸ்வானாப் பழமொழிகளின் தொகுப்பு. நேர்ப்பொருளும், ஐரோப்பிய மொழிகளில் அவற்றுக்கு ஒப்பான பழமொழிகளும் தந்தார். சொந்த ஊருக்குப் பல்லாயிரம் கல் தொலைவில், வாடகை அறையில் இருந்து, நினைவைத் துழாவி மூத்தோர் வாய்மொழிகளை அவர் எழுதினார். மற்றொன்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸுடன் சேர்ந்து எழுதிய வாசகநூல். செட்ஸ்வானாவில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும். மிஷன்களின் எழுத்துமுறை அதனைக் காட்டவில்லை. ஒலிக்குறிகளால் அதனைப் பதிவுசெய்த பிளாய்க்கி, எழுத்துப் பிழைபட்டால் சொல் சாகும் என்பதை உணர்ந்தார். நகரத்து இளைஞர் நாவில் தாய்மொழி தேய்ந்து வருவதை அவர் கண்டிருந்தார். அரசிடம் மனுக்கொடுத்துப் பெறமுடியாத பொருள் அது. தாமே எழுதிவைத்தால்தான் உண்டு.

1919இல் மீண்டும் லண்டன் சென்றார். பிரதமர் லாயிட் ஜார்ஜ் நேரிற் கண்டு பரிவோடு கேட்டார், தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸுக்கு எழுதவும் செய்தார், பயன் விளையவில்லை. அங்கிருந்து கனடா, அமெரிக்கா சென்று பேசினார். அவர் அமெரிக்காவில் இருந்த 1921இல், அன்பு மகள் ஆலிவ் தாயகத்தில் இறந்தாள். 1923இல் லண்டனில் அவர் குரலில் பதிவான இசைத்தட்டு ஒன்றில், இனாக் சொன்டொங்காவின் இறைவேண்டல் பாடலின் மிகப் பழைய பதிவு உள்ளது. அப்பாடலின் ஒரு பகுதியே இன்று தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணில் இடம்பெற்றுள்ளது.

லண்டனில் 1920 அளவில் எழுதிமுடித்த ம்ஹூடி என்னும் நாவல், 1930இல்தான் லவ்டேல் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் அது. 1830களில் ம்சிலிகாசியின் படை அழித்த பரோலொங் நகரிலிருந்து தப்பிய ம்ஹூடி என்னும் பெண்ணின் கதை. பரோலொங் தலைவன் மொரோக்கா, அல்லலுற்று வந்த போயர்களுக்கு அடைக்கலமும் எருதுகளும் தந்தது வரலாறு. அவர்களின் பேரப்பிள்ளைகளே மொரோக்காவின் பேரப்பிள்ளைகளை நிலத்திலிருந்து துரத்தினர். நாவல் இதனை உரத்துச் சொல்லாது. தோற்றோடும் ம்சிலிகாசியின் வாயிலிருந்து வரும் எச்சரிக்கையாக வைத்துவிடும். மூலத்தில் கதையை ஒரு முதியவர் சொல்வதாக அமைந்திருந்தது. அச்சுக்கு வந்தபோது அக்கதைசொல்லி நீக்கப்பட்டார். ஆப்பிரிக்கக் கதைமரபின் குரல் இவ்வாறு அரைநூற்றாண்டு மறைந்திருந்து, 1978இல் மூலப்படியின்படி பதிப்பிக்கப்பட்டபோது மீண்டும் ஒலித்தது.

இறுதி ஆண்டுகளில் அவர் ஷேக்ஸ்பியரைச் செட்ஸ்வானாவில் பெயர்த்தார். ஆதிக்கம் செய்வோரின் கவிஞரை வணங்குவதற்காக அன்று; எத்தகைய உயர்கருத்தையும் தம் மொழி தாங்கும் என்று மெய்ப்பிப்பதற்காக. பிழைகளின் இன்பியல் நாடகம் 1930இல் வெளிவந்தது. அதே காலத்தில் அரசும் பேராசிரியரும் மிஷனரிகளும் கூடி ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஒருமித்த எழுத்துமுறை வகுத்தனர். பேசும் மக்களைக் கேளாமல் அவர்தம் எழுத்தை மாற்றுவது தகாது என்று பிளாய்க்கி இறுதிவரை எதிர்த்தார். நிலத்தைப் போலவே எழுத்தையும் பிறர் அளந்து கொடுப்பதை அவரால் ஏற்க இயலவில்லை. அவர் மறைந்தபின் 1937இல் ஜூலியஸ் சீசர் மொழிபெயர்ப்பு அச்சேறியது; அவர் எழுத்துக்கூட்டல் மாற்றப்பட்டே அச்சேறியது. வெனிஸ் வணிகன் உள்ளிட்ட ஏனைய மொழிபெயர்ப்புகளின் கையெழுத்துப் படிகள் காணாமற்போயின.

1932 ஜூன் 19ஆம் நாள், ஜோஹானஸ்பர்க்கின் பிம்வில் பகுதியில், நிமோனியாக் காய்ச்சலால் அவர் காலமானார். நிலச்சட்டம் நடைமுறைக்கு வந்து அன்றோடு பத்தொன்பது ஆண்டுகள் நிறைந்தன. உடல் கிம்பர்லி மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் எதிர்த்த சட்டம் 1936இல் கறுப்பினத்தவர் பங்கைச் சுமார் 13 விழுக்காடாக்கி, 1991 வரை நீடித்தது. சட்டம் போயினும் அதன் விளைவு போகவில்லை. தனியார் பெயரிலுள்ள விளைநிலங்களில் 72 விழுக்காடு வெள்ளையர் வசம் இருப்பதாக அரசின் 2017ஆம் ஆண்டு நிலக்கணக்கு காட்டியது. கிம்பர்லியில் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் 2014இல் திறக்கப்பட்டது. போராடிய இரண்டில் நிலம் மீளவில்லை. 732 பழமொழிகள் நிலைத்தன. தொலைந்த மொழிபெயர்ப்புகளோ, காக்க ஆளின்றேல் சொல்லும் மண்ணைப் போலவே கைவிட்டுப் போகும் என்பதற்குச் சான்று.

இத்தனைக்கும் ஊற்று எது என்று பின்னோக்கிப் பார்த்தால், தந்தி சுமந்த ஓர் இளைஞன் மாலையில் சென்றமர்ந்து கட்டுரை படித்த கிம்பர்லிக் கழகமும், அவனுக்குக் கதை சொன்ன மூதாட்டியரும் தென்படுகின்றனர். கூடிப் படிப்பது ஒன்று. மூத்தோர் நாவில் உள்ளதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது மற்றொன்று. முன்னதைச் செய்துவரும் எந்த இலக்கிய வட்டமும் பின்னதையும் தன் கடனாகக் கொள்ளுதல் வேண்டும். பிளாய்க்கி அவ்விரண்டையும் செய்தார்.