சுப்பாராவும் பொன்னிற மருந்தும்

ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றைப் பற்றிப் படிக்காமல் மேல்நிலை வகுப்பைக் கடந்து செல்லும் அறிவியல் மாணவர் இலர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று அதனை உயிரியல் நூல்கள் குறிப்பிடும். தசையிலிருந்து அதனைப் பிரித்தறிந்தோருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை அறிந்தோர் சிலரே. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கப்படும் மாத்திரையும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தும் அவர் தலைமையேற்ற ஆய்வுக்கூடத்திலிருந்தே வெளிவந்தன. அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் காலத்தில் பிறந்த அம்மருந்து அவருக்குப்பின் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே அவருடைய வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை நோயின் காரணமாகப் பணியிலிருந்து முன்னதாகவே விலக நேர்ந்ததால் குடும்பம் வறுமையுற்றது. படிப்பில் நாட்டமில்லாத சிறுவர் சுப்பாராவ், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் வெங்கம்மா அவரைத் தேடிப்பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்க வைத்த அந்த அம்மையாரின் உறுதி இல்லையேல் இவ்வரலாறே இல்லை. சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியில் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு மேற்கொள்ள விரும்பினார். தாயார் அதற்கு உடன்படவில்லை. மக்களுக்குத் தொண்டாற்றும் வழியாக மருத்துவக் கல்வியைத் தேர்ந்தெடுத்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அயல்நாட்டுத் துணியைத் துறந்த சுப்பாராவ், அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராலான மேலங்கியையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு மாணவரின் அறிவை அவர் உடுத்திய துணியால் அளந்த அச்செயல் கல்வி வரலாற்றில் ஒரு கறையாகும். அச்சான்றிதழால் அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சில காலம் பணியாற்றினார்.

இதற்கிடையே அவர் குடும்பத்தைப் பெருந்துயர் தாக்கியது. உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் போகச் செய்யும் ‘ஸ்புரூ’ என்னும் வெப்பமண்டல நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் பலியாயினர். மருத்துவம் கற்ற தம்மாலும் அவர்களைக் காக்க இயலவில்லை என்பதை அவர் கண்ணெதிரே கண்டார். அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை. இல்லாத மருந்தை உருவாக்க வேண்டுமானால் நோயாளியின் படுக்கையருகே நின்றால் போதாது, ஆய்வுக்கூடத்திற்குள் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

கழிவுக்கலம் கழுவிய கைகள்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை வாக்களித்த உதவியையும் மாமனார் திரட்டித் தந்த பொருளையும் கொண்டு, 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி சேஷகிரி தாயகத்திலேயே தங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றே அவர் சென்றார். ஆனால், பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்தில் உணவுக்கும் உறையுளுக்கும் பொருள் தேவைப்பட்டது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் சிறுநீர்க் கலங்களையும் மலக் கலங்களையும் கழுவித் துடைத்தார். மருத்துவம் கற்ற ஒருவருக்கு இது தாழ்வன்றோ என்று சிலர் கருதக்கூடும். மருத்துவமனையின் உள்ளியக்கத்தை அறிந்தோர் அவ்வாறு கருதார். ஒரு நோயாளியின் கிருமி மற்றொரு நோயாளியை அடைவதற்குரிய வழிகளுள் கழுவப்படாத கலமும் கழுவப்படாத கையும் முதன்மையானவை. ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர் அங்கேயே வேறொரு தொற்றைப் பெறுவது இன்றும் உலகெங்கும் மருத்துவர்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. அக்கவலையைத் தணிக்கும் முதற்காவலர் சுப்பாராவ் அன்று செய்த வேலையைச் செய்பவரே.

பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் அறிஞரோடு ஆய்வில் ஈடுபட்டார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க இருவரும் வகுத்து 1925இல் வெளியிட்ட ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, உயிர்வேதியியல் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் கண்டறிந்து அறிவித்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். இத்தனைக்கும் பிறகு ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை.

பொன்னிறப் பூஞ்சை

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்தம் குழுவினர் நிகழ்த்தியவை வியப்பூட்டுவன. ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாக உருவாக்கினர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் 1947இல் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிப்பதற்காகச் சிட்னி ஃபார்பர் பயன்படுத்திய அமினாப்டெரினும் இங்கிருந்தே சென்றது.

இவற்றுள் நாம் விரிவாகக் காண வேண்டியது மற்றொன்று. பென்சிலின் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. எனினும் பலவகைக் கிருமிகளை அதனால் வெல்ல இயலவில்லை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. அதனை ஊசிவழியே செலுத்த வேண்டியிருந்தது. பலவகைக் கிருமிகளை அழிப்பதும், வாய்வழியே உட்கொள்ளத்தக்கதுமான மருந்தைச் சுப்பாராவ் தேடினார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எதிர்க்கச் சுரக்கும் பொருள்களில் அம்மருந்து கிடைக்கலாம் என்பதே அன்றைய நம்பிக்கை. பல இடங்களிலிருந்தும் மண் வரவழைக்கப்பட்டது. அவற்றை ஆராயும் பொறுப்பு, பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலறிஞர் பெஞ்சமின் டுகரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதுமையைக் காரணம் காட்டிப் பிற நிறுவனங்கள் தயங்கக்கூடிய ஒருவரிடம் இப்பணியை அளித்தது சுப்பாராவின் ஆளறியும் திறனுக்குச் சான்று.

மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த மண்ணில், ஏ-377 என்று எண்ணிடப்பட்ட ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அது பொன்னிற நிறமியைச் சுரந்ததால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்றும், அதிலிருந்து கிடைத்த மருந்து ஆரியோமைசின் என்றும் பெயர் பெற்றன. அக்காலத்தார் அதனைப் பூஞ்சை என்றனர். இன்றைய அறிவியல் அதனைப் பாக்டீரியா வகையில் சேர்க்கிறது. கிருமியின் உடலில் புரதம் உருவாவதைத் தடுத்து அதன் பெருக்கத்தை இம்மருந்து நிறுத்துகிறது. பென்சிலினுக்கு அடங்காத பல தொற்றுகளும், டைபஸ் போன்ற காய்ச்சல்களும் இதற்கு அடங்கின.

1948 சூலையில் நியூயார்க் அறிவியல் கழகத்தில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுப்பாராவ் உறக்கத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

மருந்து சென்ற வழி

சுப்பாராவ் மறைந்து ஈராண்டுகள் ஆவதற்குள், அதே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய செய்தி தெரியவந்தது. ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் வழக்கத்தைவிட விரைவாகக் கொழுத்தன. தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டட் ஆகிய இருவரும் 1950இல் இதனை அறிவித்தனர். நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது. நோயுற்றவருக்கென்று தேடிய பொருள் எடைகூட்டும் பொருளாயிற்று.

இதன் விளைவை உணர, கிருமியின் இயல்பை அறிதல் வேண்டும். கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டு, உட்புகும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஆற்றலைத் தற்செயலாகப் பெற்றிருக்கும். மருந்து பிற கிருமிகளை அழிக்க, அவை மட்டும் தப்பிப் பெருகும். மேலும், எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணுவை ஒரு கிருமி தன் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, அருகிலுள்ள வேறு இனக் கிருமிக்கும் வழங்க வல்லது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி ஒரே வேளையில் பல மருந்துகளை எதிர்ப்பதையும், அவ்வாற்றல் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவுவதையும் ஜப்பானிய அறிஞர்கள் 1950களில் கண்டனர். டெட்ராசைக்ளினும் அம்மருந்துகளுள் ஒன்று. அதே பத்தாண்டில், பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி மேலைநாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளையும் அறுவை மருத்துவம் செய்துகொண்டோரையும் தாக்கியது. நலிந்த உடலினர் நெருங்கியிருக்க, மருந்துகள் மிகுதியாகப் பயன்படும் இடம் மருத்துவமனை; ஆகவே, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளுக்கு அது வாய்ப்பான இடமாகிவிடுகிறது.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் கருதும் கார்பபெனம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்னும் நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில், சென்னையில் திரட்டப்பட்ட கிருமிகளும் இடம்பெற்றிருந்தன. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துகளின் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்கச் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. 2014 முதல் குறிப்பிட்ட சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளை விற்கும்போது மருத்துவரின் சீட்டைப் பெற்றுத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டுவந்த கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளிடம் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடை விதித்தது.

ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில்

கோழிப்பண்ணையில் தொடங்கிய பழக்கம் நீருக்குள்ளும் இறங்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் பாக் நீரிணைக் கரையில் அமைந்த ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்குப் பெயர்பெற்ற மீன்பிடி ஊர். அவ்வட்டாரக் கடற்கரையில் இறால் பண்ணைகளும் உண்டு. குளத்தில் இறால் சோர்ந்து மிதக்கத் தொடங்கினால், கடன்பட்டு முதலிட்ட பண்ணையாளரின் மனம் பதறும். அப்பதற்றத்தில் கைக்கெட்டும் மருந்தைத் தீவனத்தில் கலந்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால், இறால் வளர்ப்போரைப் பெரிதும் அச்சுறுத்தும் வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. ஆரியோமைசினோ அதன் வழிவந்த மருந்துகளோ வைரசை ஒன்றும் செய்யா. இறாலுக்குப் பயன்படாத அம்மருந்து, குளத்துச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்களுக்கு மட்டும் எதிர்ப்பைப் பழக்கிவிடுகிறது. குளத்து நீர் ஓடைக்கும், ஓடை கடலுக்கும் செல்கிறது.

குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் இறால் வளர்ப்பில் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளன. டெட்ராசைக்ளின் வகைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கிலோ இறாலில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது எஞ்சியிருத்தல் கூடாது. ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் சரக்கில் தடைசெய்யப்பட்ட மருந்தின் சுவடு தென்பட்டால் அச்சரக்கு ஏற்கப்படுவதில்லை. ஆகவே, அறுவடைக்கு முன்னரே இறாலின் மாதிரி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்படுகிறது. குளத்தங்கரையில் பனிக்கட்டிப் பெட்டிகளும் வண்டியும் ஆயத்தமாக நின்றாலும், அந்த ஆய்வு முடிவு வரும்வரை வலை இறங்குவதில்லை.