பாதியில் கப்பலேறிய வீரர்

இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் செஞ்சுரி அடித்தவர் யார்? சிம்மக்கல் சந்தில் மட்டை பிடிக்கும் பையனைக் கேட்டாலும், லாலா அமர்நாத் என்று சொல்லிவிடுவான். அந்த வீரரை நடுப் பயணத்தில் ஊருக்குத் திருப்பி அனுப்பிய கதை பலருக்குத் தெரியாது.

அமர்நாத் 1911-ல் பஞ்சாபிலுள்ள கபூர்தலாவில் பிறந்தார். 1933 டிசம்பரில் பம்பாயில் இங்கிலாந்து கோஷ்டியை எதிர்த்து 118 ரன் குவித்தார். அதுதான் அவருக்கு முதல் டெஸ்ட்!

மூண்டது கோபம்

1936-ல் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்து சென்றது. காப்டன், விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத் திறமையைவிடச் செல்வாக்கால் அந்தப் பதவிக்கு வந்தவர். கோஷ்டியிலேயே பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தவர் அமர்நாத். 600 ரன்னுக்கு மேல் எடுத்திருந்தார்.

ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டம். பேடு கட்டிக் காத்திருந்த அமர்நாத்தை விட்டுவிட்டு, மற்றவர்களையே முன்னால் அனுப்பினார் காப்டன். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அவர் முறை வந்தது. அறைக்குத் திரும்பியவர் பேடுகளை வீசி எறிந்து, பஞ்சாபியில் ஏதோ முணுமுணுத்தார்.

அவ்வளவுதான் குற்றம். மூத்த ஆட்டக்காரர்கள் பரிந்து பேசினார்கள். அமர்நாத் மன்னிப்பும் கேட்டார். பயனில்லை. குற்றம் சாட்டியவர்களே தீர்ப்பும் சொன்னார்கள். மேல் முறையீடு செய்ய அங்கே ஆள் ஏது? முதல் டெஸ்டுக்கு முன்பே அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

தாமதமாக வந்த நீதி

பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி சர் ஜான் பியூமாண்ட் தலைமையில் கமிட்டி விசாரித்தது. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. அமர்நாத் நிரபராதி; காப்டனின் தலைமைதான் மோசம் என்றது. நல்ல ஆட்டக்காரர்களை வாரக்கணக்கில் சும்மா உட்கார வைத்ததையும் கண்டித்தது. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி வாய்ப்பை விட்டுவிட்டு இந்தக் கோஷ்டியில் சேர்ந்த சென்னை எம். ஜே. கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை.

அமர்நாத் பெயர் துலங்கியது. ஆனால், போன மூன்று டெஸ்டுகள் திரும்பி வருமா? யுத்தமும் குறுக்கிட்டது. அவர் அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-ல். அப்போது வயது 34.

சுதந்திர இந்தியாவின் முதல் காப்டன் ஆனார். 1949-ல் கிரிக்கெட் போர்டு அவரை மறுபடி சஸ்பெண்டு செய்தது. அதிலிருந்தும் மீண்டு, 1952-ல் பாகிஸ்தானை வென்ற கோஷ்டிக்குத் தலைமை தாங்கினார். 2000-ல் காலமானார்.

இன்றும் தீராத குறை

அமெரிக்க, கனடா ஐஸ் ஹாக்கியில் 2016-ல் ஓர் ஆட்டக்காரருக்கு 20 ஆட்டத் தடை விதித்தார்கள். மத்தியஸ்தர் அதைப் பத்தாகக் குறைத்தார். அதற்குள் அவர் 19 ஆட்டங்களை இழந்துவிட்டார்! ஒலிம்பிக் பந்தயங்களிலோ 1996 முதல் தனி மன்றம் கூடி, 24 மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்ல முயல்கிறது.

அப்பீலைக் கேட்பவர் தண்டித்தவராக இருக்கக் கூடாது. அடுத்த ஆட்டம் தொடங்குமுன் கேட்டு முடிக்க வேண்டும். அன்று லார்ட்ஸில் இந்த இரண்டும் இருந்திருந்தால், அமர்நாத் கப்பல் ஏறியிருக்க மாட்டார்.