நெஞ்சின் ஒலி கேட்ட மருத்துவர்

இருமலும் காய்ச்சலும் வந்தால் மருத்துவர் நம் மார்பில் குழாய் வைத்துப் பார்க்கிறார். அக்கருவியை நமக்குத் தந்தவர் ரெனே லேனெக்.

இவர் 1781-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கெம்பேர் நகரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். மருத்துவரான உறவினரின் ஆதரவில் வளர்ந்து, பாரிசில் மருத்துவம் பயின்றார்.

1816-ஆம் ஆண்டு இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி இவரிடம் வந்தாள். அந்நாளில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பில் காதை வைத்தே கேட்பர். அவ்வாறு செய்ய லேனெக் கூசினார். தாள்களைச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். என்ன வியப்பு! இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தில் குழாய் செய்தார்.

நெக்கர் மருத்துவமனையில் நோயாளிகளின் மூச்சொலிகளைக் குறித்துவைத்தார். இறந்தோரின் நுரையீரலை ஆராய்ந்து ஒப்பிட்டார். நிமோனியாவையும் காசநோயையும், மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தேங்கும் நோயையும் பிரித்தறிந்து 1819-இல் நூல் வெளியிட்டார்.

காசநோய்க்கு அன்று மருந்தில்லை. அது இவரையும் பற்றியது. உறவினரான மெரியாதெக் அதே கருவியால் இவர் மார்பைக் கேட்டு நோயை உறுதிசெய்தார். 1826 ஆகஸ்டு 13-ஆம் நாள் தமது 45-ஆம் வயதில் லேனெக் மறைந்தார்.

பிறர் நோயறியத் தாம் செய்த கருவியாலேயே தம் முடிவையும் அறிந்த இப்பெரியாரை நாம் நன்றியோடு நினைப்போமாக!