அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளும்

கிறிஸ்து பிறப்புத் திருநாள் வருங்கால் ஆலயங்களிலும் இல்லங்களிலும் வைக்கோல் பரப்பி, மாட்டுத்தொழுவம் போன்றதொரு குடில் அமைத்து வைக்கும் வழக்கத்தை நம் கல்லூரி அன்பர் யாவரும் கண்டிருப்பர். அவ்வழக்கம் உலகிற் பரவுதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் இத்தாலி தேசத்து அசிசி நகரத்தவராகிய பிரான்சிஸ் முனிவர். பறவைகட்கு உபதேசித்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். அவர் அத்திருநாளைக் கொண்டாடிய முறையோ அத்துணையாக எண்ணப்படுவதில்லை. கையிருப்பைச் சுருக்கிச் செலவிடவேண்டிய காலத்தில் திருநாள் வந்துவிடின், கொண்டாட்டத்தை விட்டுவிடுவதா, கடன்பட்டேனும் நடத்துவதா என்னும் இரண்டே நமக்குத் தோன்றுகின்றன. வேறொரு வழியும் உண்டென்பதை அவர் எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே நடந்து காட்டினார். ஆதலின், அவர் சரித்திரத்தில் இதற்கு இயைந்த பகுதிகளை விரித்தும், ஏனையவற்றைச் சுருக்கியும் ஈண்டு உரைப்பாம்.

பிரான்சிஸ் பிறந்தது 1181-ஆம் ஆண்டிலோ 1182-ஆம் ஆண்டிலோ ஆகும். தந்தையார் பியேத்ரோ பெர்னர்தோனே என்பவர் செல்வம் மிக்க துணி வியாபாரி. தாயார் பெயர் பீக்கா. குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் யோவான். வியாபாரத்தின்பொருட்டுப் பிரான்ஸ் தேசம் சென்றிருந்த தந்தையார், திரும்பி வந்தபின் அத்தேசத்தின் மீதிருந்த விருப்பினால் மகனைப் பிரான்சிஸ் என்று அழைக்கலானார்.

இளமையில் நம் முனிவர் சிக்கனத்திற்கு வெகு தூரத்தில் நின்றவர். நகரத்து வாலிபர்க்குத் தலைவராய் விருந்துகள் நடத்தினார்; இரவிலே பாட்டும் ஆரவாரமுமாய்த் தெருக்களிற் சுற்றினார். இவன் வியாபாரியின் மகனா, அரசகுமாரனா என்று அயலார் வியக்கும்படி செலவிட்டார். மிக உயர்ந்த துணியையும் மிகத் தாழ்ந்த முரட்டுத் துணியையும் ஒரே ஆடையில் இணைத்துத் தைப்பித்து அணிந்தாராம். காண்போர் கண் தம்மேல் நிற்கவேண்டும் என்பதே கருத்து. செலவிடுதலின் இன்பத்தை இவ்வளவு அறிந்த ஒருவரே பின்னர் எளிமையைத் தெரிந்துகொண்டார் என்பதைப் படிப்போர் மறவாதிருத்தல் வேண்டும். பொருள் இல்லாமையால் எளிமையைப் புகழ்வார் கூட்டத்தில் அவரைச் சேர்த்தல் பொருந்தாது.

1202-ஆம் ஆண்டில் அசிசியாருக்கும் பெரூஜா நகரத்தாருக்கும் போர் மூண்டது. அதிற் சிறைப்பட்டு ஏறக்குறைய ஓராண்டு துன்புற்றார். விடுதலையானபின் நெடுநாள் நோய் வருத்திற்று. 1205-இல் வீரப்பட்டம் பெறும் ஆசையால் மறுபடியும் போருக்குப் புறப்பட்டவர், ஸ்பொலேத்தோ என்னும் ஊர்வரையிற் சென்று மனம் மாறித் திரும்பினார். இடிந்து கிடந்த தமியான் ஆலயத்தைப் பழுதுபார்க்க எண்ணித் தந்தையார் கடைத் துணிகளையும் குதிரையையும் பொலீன்யோ நகரில் விற்றுவிட்டார். அங்கிருந்த குருவானவர் அப்பணத்தைத் தொட அஞ்சினார். தந்தையாரோ வெகுண்டு வழக்கிட்டார். 1206-இல் அத்தியக்ஷர் முன்னிலையில், ஊரார் பலர் காண, பணத்தோடு தாம் அணிந்திருந்த உடைகளையும் களைந்து தந்தையார்முன் வைத்துவிட்டு, இனித் தமக்குத் தந்தை பரமபிதா ஒருவரே என்று அறிவித்தார். அத்தியக்ஷர் தம் மேலாடையால் அவரை மூடினார்.

பின்பு நிகழ்ந்தவற்றை விரைந்து கடப்போம். 1209-ஆம் ஆண்டளவில் தோழர் சிலருடன் ரோமாபுரி சென்று, பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்டிடம் தம் வாழ்க்கை முறைக்கு அனுமதி பெற்றார். 1219-இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருக்கையில் எகிப்து தேசம் சென்று சுல்தான் அல்-கமீலைக் கண்டு பேசி மீண்டார். அங்கிருந்து நோயுற்ற கண்களுடன் திரும்பினார் என்பர்.

அவர் வகுத்த நெறியில் நாம் கவனிக்கற்பாலது பணத்தைப்பற்றிய கட்டளையாகும். சகோதரர் எவரும் நாணயத்தைக் கையால் தொடலாகாது. வேலை செய்து உணவு பெறலாம். அது கிடையாதபோது வீடு வீடாகச் சென்று இரக்கலாம். இத்தாலியப் பட்டணங்களில் வாணிகமும் நாணயப் புழக்கமும் பெருகிவந்த காலம் அது. அப்பெருக்கத்தால் உயர்ந்த குடும்பங்களுள் ஒன்றிற் பிறந்தவர் அவர். ஆயினும் பிறர் துன்பத்தைத் துடைப்பதில் அவர் கணக்குப் பார்த்தவரல்லர். சகோதரர் இருவரின் தாயாகிய ஓர் ஏழைக் கிழவி ஒருநாள் உதவி கேட்டு வந்தாள். மடத்திற் கொடுக்க யாதொன்றும் இல்லை. தினந்தோறும் வாசித்துவந்த புதிய ஏற்பாட்டுப் புத்தகம் ஒன்றே இருந்தது. கையெழுத்துப் பிரதிகள் பெருவிலை பெற்ற காலம் அது. அதனை விற்றுக்கொள்ளுமாறு அவளிடம் கொடுத்துவிடச் சொன்னார். அதை வாசிப்பதிலும் அதன்படி கொடுப்பதே கடவுளுக்கு உவப்பாம் என்பது அவர் துணிபு.

இனிக் கிரெச்சோ என்னும் சிற்றூருக்கு வருவோம். அது ரியேத்திப் பள்ளத்தாக்கின் ஓரத்திலே மலைச்சரிவில் இருப்பது. 1223-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் பிரான்சிஸ் சபையின் ஒழுங்கை உறுதிசெய்து கொடுத்தார். அலைச்சலும் நோயும் உடலை மெலிவித்திருந்த அவ்வேளையில் முனிவரின் உள்ளம் வேறொன்றை நாடிற்று. கிரெச்சோவில் அவர்க்கு அன்பரான யோவான் என்னும் பிரபு ஒருவர் இருந்தார். திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக அவரை அழைப்பித்து, பெத்லகேமிற் பிறந்த பாலகர் பட்ட வறுமையை, முன்னணையையும் வைக்கோலையும் மாடு கழுதைகளையும், தம் ஊனக்கண்ணால் காண விழைவதாகத் தெரிவித்து, அதற்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்யும்படி கேட்டுக்கொண்டார்.

பிரபு செய்த ஆயத்தம் யாது? மலைப்பாறையின் குகையில் ஒரு முன்னணை, அதில் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. வேறொன்றும் இல்லை. பாலகரின் உருவமோ, மரியாள் யோசேப்பு என்போரின் உருவங்களோ வைத்ததாக அந்நிகழ்ச்சியை முதன்முதல் எழுதிய செலானோ ஊர்த் தோமா என்பவர் கூறவில்லை. அண்டையூர் ஆண்களும் பெண்களும் தத்தம் வீட்டிலே இயன்றவாறு மெழுகுவர்த்திகளும் தீவட்டிகளும் செய்து ஏந்திவந்தனர். காடு ஒளிர்ந்தது, பாறைகள் பாட்டை எதிரொலித்தன. முன்னணையின்மேல் பூசை நிகழ்ந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்றவரல்லர். தியாக்கோன் என்னும் உதவிக்குருவின் நிலையினர். அவ்வுடை தரித்துச் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கமும் செய்தார். பெத்லகேம் என்னும் சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நீட்டி உச்சரித்தாராம். அச்சொல்லின் இனிமையைச் சுவைப்பார்போல் உதட்டை நாவால் தடவிக்கொண்டாராம். படித்தவர் சிலர் இதனை நகைக்கலாம். நமக்கோ சரித்திரம் முழுதினும் இவ்விடமே மிக்க உருக்கம் தருகிறது.

அவ்விரவின் செலவைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. வைக்கோல் வயலில் விளைந்தது. மாடும் கழுதையும் மறுநாட் காலையில் வேலைக்குத் திரும்பியிருக்கும். மண்டபம் கட்டவேண்டியதில்லை, பாறை இருந்தது. விளக்குகளை வந்தவரே கொணர்ந்தனர். விழா முடிந்தபின் அவ்வைக்கோலையும் வீணாக்கவில்லை. நோயுற்ற கால்நடைகட்குக் கொடுத்து அவை குணமாயின என்று அவ்வூரார் நம்பினர். இவ்வாறிருந்தும், அதற்கு வந்தவருள் எவரும் அதனை ஏழைத் திருநாள் என்று இரங்கினதாகத் தெரியவில்லை. அளவிறந்த மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினர் என்றே தோமா எழுதுகிறார்.

உலகில் முதன்முதல் குடில் அமைத்தவர் பிரான்சிஸே என்று சிலர் எழுதுவதுண்டு. அது முற்றும் சரியன்று. முன்னணையை நினைப்பூட்டும் சின்னங்களும், ஆலயங்களிலே பிறப்பு நிகழ்ச்சியை நடித்துக் காட்டும் முறையும் அவருக்கு முன்னரே இருந்தன. அதனை மலைச்சரிவுக்கும் குடியானவர் நடுவிற்கும் கொணர்ந்ததே அவர் செய்த புதுமை. பின்வந்தோர் அவ்வெளிமையைப் பொறுத்திலர். 1291-ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் பெரிய மரியாள் ஆலயத்திற்கு அர்னோல்போ என்னும் சிற்பியார் சலவைக்கல்லிற் குடில் உருவங்கள் செதுக்கினார். 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துச் செல்வர் பட்டாடை உடுத்திய எண்ணிறந்த பொம்மைகளால் மாளிகை அறைகளை நிரப்பினர். அசிசியில் முனிவர் பெயரால் எழுந்த பேராலயத்துச் சுவரில் கிரெச்சோ நிகழ்ச்சி தீட்டப்பட்டிருக்கிறது. ஜோத்தோ என்னும் பெரிய ஓவியர் கைவேலை அது என்பது நெடுநாள் வழங்கிவரும் செய்தி. அவ்வோவியத்திலே பாறையும் இல்லை, காடும் இல்லை. அழகிய சலவைக்கல் வேலைப்பாடமைந்த கோயிலினுள்ளே விழா நடக்கிறது! ஓவியத்தின் அழகை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பிரான்சிஸ் அதனைக் கண்டால் வெளியே போய் நின்றிருப்பார் என்று எண்ணுகிறோம்.

வெளியே போய் நிற்றல் அவர்க்குப் புதிதன்று. அதற்கும் ஒரு கிறிஸ்து பிறப்பு நாளே சான்று. அப்பொழுதும் அவர் கிரெச்சோ மடத்தில் தங்கியிருந்தார். சபையின் தலைவர்களுள் ஒருவர் அவருடன் திருநாளைக் கழிக்க வந்தார். அவரைச் சிறப்பிக்க விரும்பிய சகோதரர், மேசையை உயர்த்தி அமைத்து, எங்கிருந்தோ தேடிப்பெற்ற வெண்துகில் விரித்து, கண்ணாடிக் கிண்ணங்களும் வைத்தனர். பிரான்சிஸ் தம் அறையினின்று இறங்கிவந்து அதனைக் கண்டார், ஒன்றும் பேசவில்லை. அன்று அங்கு வந்திருந்த ஏழை ஒருவனது தொப்பியையும் கோலையும் எடுத்துக்கொண்டு வாயிலுக்கு அப்பால் போய் நின்றார். தமக்காகக் காத்திராமல் உண்ணத் தொடங்குவது மடத்தின் வழக்கம் என்பது அவர்க்குத் தெரியும். எல்லாரும் உண்ணுகையில் கதவைத் தட்டி, நோயுற்ற ஏழை யாத்திரிகனுக்குப் பிச்சை இடுமாறு வேண்டினார். தலைவர் அவரை அறிந்துகொண்டு உள்ளே அழைத்தார். கொடுத்த அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, அடுப்பின் பக்கத்தே வெறுந்தரையில் அமர்ந்து உண்டார். அதன்பின்னரே வாய்திறந்து, வீடுதோறும் இரந்துண்ணும் சந்நியாசிகளின் மேசையாக அது தமக்குத் தோன்றவில்லை என்று வருந்திக் கூறினார். உண்டுகொண்டிருந்தோருள் சிலர் கண்ணீர் விட்டனர். தோமா இதனை உயிர்த்தெழுந்த திருநாளன்று நிகழ்ந்ததாக எழுதியிருப்பினும், முனிவரின் தோழர் நினைவுகூர்ந்த குறிப்புகளில் கிறிஸ்து பிறப்பு நாளென்றே காண்கிறது. நாம் அதனையே கொண்டோம்.

விருந்தினரை உபசரித்தல் குற்றமாமோ என்று இங்குக் கேட்கத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அம்மேசையிடத்தே ஒரு பிச்சைக்காரன் வந்திருப்பானேல் உட்கார நாணியிருப்பான். எவருடைய வறுமையை நினைக்கும் நாளோ, அந்நாளிலேயே வறியவன் உள்ளே வரக் கூசுமாறு ஆயிற்று. அவரை வருத்தியது துணியும் கண்ணாடியும் அல்ல, இதுவே என்க.

இவ்வளவும் கேட்டோர், நம் முனிவர் முகஞ்சுளித்த விரதி என்று முடிவு செய்வராயின் பெரிதும் பிழைபடுவர். ஒரு முறை கிறிஸ்து பிறப்பு நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று புலால் உண்ணலாமோ, விரதம் காக்கவேண்டுமோ என்று சகோதரர் வாதிட்டனர். மொரிக்கோ என்னும் சகோதரரை நோக்கி, அந்நாளை வெள்ளிக்கிழமை என்று பெயரிடுவதே தவறு என்றார் பிரான்சிஸ். அன்று சுவர்களும் புலால் உண்ணவேண்டும், அவற்றால் உண்ண முடியாவிட்டால் வெளியிலேனும் அவற்றின்மேல் நெய்ப்பசை பூசவேண்டும் என்றும் சொன்னாராம். திருநாள்களுள் தலையாயது அதுவே என்பது அவர் கொள்கை. அந்நாளில் செல்வர் ஏழைகளை அழைத்து வயிறார உண்பிக்கவேண்டும். மாடுகட்கும் கழுதைகட்கும் வழக்கத்தினும் மிகுதியாகத் தீனி இடவேண்டும். சக்கரவர்த்தியைக் காணும் வாய்ப்புக் கிட்டுமேல், இயன்றவர் யாவரும் அன்று வழிகளில் தானியம் தூவவேண்டும் என்று சட்டம் பிறப்பிக்கும்படி கேட்பதாகவும் சொல்லிவந்தார். அது பறவைகளின்பொருட்டு, சிறப்பாக வானம்பாடிகளின்பொருட்டு. அவற்றின் இறகு மண்ணிறம். தலையில் சந்நியாசியின் முக்காடுபோன்ற கொண்டை. வழியிற் கிடைத்த மணியைப் பொறுக்கித் தின்று வானில் எழுந்து பாடும் இயல்பு. ஆதலால் அவை தம் சபையைச் சேர்ந்தவை என்று அவர் மகிழ்வார்.

ஆகவே, செலவு கூடாது என்று அவர் சொன்னதில்லை. தம் மேசையில் துகிலை நீக்கினவர், தெருவில் தானியம் தூவச் சொன்னார். ஒருகால் உணவு வேளையில், கன்னி மரியாளும் குழந்தையும் பட்ட வறுமையை ஒருவர் எடுத்துரைக்கக் கேட்டு, எழுந்து, எஞ்சிய அப்பத்தைத் தரையிலிருந்து அழுதுகொண்டே உண்டார். அவ்வழுகையையும் அக்களிப்பையும் ஒரே உள்ளம் தாங்கிற்று.

1226-ஆம் ஆண்டில் நோய் முற்றியது. அசிசிக்கு அடியில் போர்சியுங்குலா என்னும் சிறு ஆலயத்தின் பக்கலில் அவரைக் கிடத்தினர். யாக்கோபா என்னும் உரோமைச் சீமாட்டி முன்னாளில் தமக்குச் செய்துகொடுத்த வாதுமைப் பலகாரத்தை உண்ண விரும்பி, அதனைக் கொணரும்படி சொல்லியனுப்ப எண்ணினார். கடிதம் புறப்படுமுன்னரே அவ்வம்மையார் அதனைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மிகச் சிறிதே உண்ண முடிந்தது. இறுதி நெருங்கியபோது தம்மை உடையின்றி வெறுந்தரையிற் கிடத்தும்படி வேண்டினார். மடத்துத் தலைவர் அவர் கருத்தறிந்து, ஓர் அங்கியைக் கொணர்ந்து, இஃது இரவலாகத் தரப்படுகிறது, இதனைப் பிறர்க்குக் கொடுக்க உமக்கு உரிமையில்லை என்று சொல்லி அணிவித்தார். தமக்கென்று யாதும் இல்லாமலே போகிறோம் என்று முனிவர் மகிழ்ந்தார். அக்டோபர் 3-ஆம் நாள் சனிக்கிழமை மாலை உயிர் நீத்தார். இருள் சூழ்ந்துகொண்டிருந்த அந்நேரத்திலே, ஒளியையே நாடும் இயல்புடைய வானம்பாடிகள் கூட்டமாக வந்து, அவ்வீட்டுக் கூரைமேல் வட்டமிட்டுப் பாடின என்று உடனிருந்தோர் எழுதிவைத்தனர்.